பேட்டரி ‘பார்’ காட்டுகிறது, பேச அமுக்கினால் அணைகிறது: கையடக்க வி.எச்.எஃப். கருவியின் பேட்டரிக் கோளாறுகளும் தீர்வுகளும்

படகுகள் தங்களுக்குள்ளும் கரையோடும் பேசக் கடலுக்குக் கொண்டுபோகும் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோக் கருவியைக் கரையில் நாம் ‘செட்’ என்கிறோம், சிலர் ‘வாக்கி டாக்கி’ என்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வரும் கோளாறுகளில் ஆன்டெனாவோ உள்ளே இருக்கும் மின்சுற்றோ பழுதானவை குறைவு; பேட்டரியால் வருபவையே மிகுதி. அந்தப் பேட்டரிகளிலும் பல உண்மையில் செத்தவை அல்ல. தொடுமுனையில் உப்புப் பூத்தவை, வெயிலில் வெந்தவை, தவறான முறையில் சார்ஜ் செய்யப்பட்டவை என்று அவற்றைப் பிரித்துவிடலாம். ஆகையால் புதிய பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் முதலில் கண்ணால் பாருங்கள், அடுத்துத் துடையுங்கள், அதன்பின் அளந்து பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 7.4 வோல்ட் என்றும் ‘லி-அயான்’ என்றும் இருந்தால் அது லித்தியம் வகை, உள்ளே 3.7 வோல்ட் செல்கள் இரண்டு தொடராக இருக்கும், முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட் காட்டும். 7.2 வோல்ட் என்று இருந்தால் பெரும்பாலும் அது 1.2 வோல்ட் செல்கள் ஆறு அடங்கிய நிக்கல் வகை. பழைய கருவிகளில் நிக்கல் காட்மியமாகவும் அதற்குப் பின் வந்தவற்றில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடாகவும் இருக்கும். எண்ணை மட்டும் நம்பாமல் வகையின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள், ஏனெனில் சில லித்தியம் பேட்டரிகளிலும் 7.2 என்று அச்சிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் நம் கரையில் நல்ல பேட்டரிகள் பாழாகின்றன. ‘முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்லும் அறிவுரை நிக்கல் காட்மியம் காலத்துக்கு உரியது, அந்தக் காலத்துக்கு அது சரியும்கூட. லித்தியத்துக்கு அதுவே கேடு. லித்தியம் பேட்டரியைப் பாதியில் சார்ஜ் போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. அடிமட்டம் வரை தீர்ப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும். நிக்கல் பேட்டரியைக்கூட ஒரு செல்லுக்கு 1 வோல்ட்டுக்குக் கீழே, அதாவது ஆறு செல்லுக்கு 6 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் அவற்றில் வலுக்குறைந்த செல் தலைகீழாக மின்னேறிக் கெட்டுவிடும்.

பேட்டரி உப்பியிருக்கிறது, சூடாகிறது, இனிப்பும் காரமும் கலந்த வாடை வருகிறது

இதற்குப் பிழை நீக்கும் வழி கிடையாது. கருவியிலிருந்து எளிதாகக் கழன்றால் கழற்றுங்கள். கழலாவிட்டால் திருப்புளியால் நெம்பாதீர்கள். துணி, வலை, டீசல் கேன் எதுவும் பக்கத்தில் இல்லாத வெளியிடத்தில், மணல் போட்ட இரும்பு வாளியில் வையுங்கள். குத்திப் பார்ப்பதும், மேலே பாரம் வைத்து அழுத்தித் தட்டையாக்குவதும் தீப்பிடிக்க வைக்கும். முதுகை மேசைமேல் வைத்துச் சுண்டினால் பேட்டரி பம்பரம்போல் சுழல்கிறதென்றால் அது உப்பத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். உப்பாமல் தட்டையாக இருக்கும் பேட்டரி சுழலாது. அப்படிப்பட்டதை வீட்டுக் குப்பையில் போடாமல் பேட்டரி விற்கும் கடையிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரித்து விற்பவர்களே பழையவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும்.

சார்ஜரில் வைத்தால் விளக்கு எரியவில்லை, அல்லது மினுக்குகிறது

முதலில் சார்ஜர் தொட்டிலின் அடியில் இருக்கும் சிறிய முனைகளையும் பேட்டரியின் முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான பேட்டரிகளில் நேர் முனை, எதிர் முனை தவிர மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். அது பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் முனை. அதில் அழுக்குப் படிந்தால் சார்ஜருக்கு வெப்பநிலை தெரியாது, அது பாதுகாப்புக்காகச் சார்ஜை நிறுத்திவிட்டு மினுக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று கொண்டுவரப்படுபவற்றில் இது நான் அடிக்கடி காண்பது. சுத்தம் செய்யும் முறையைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முனைகள் சுத்தமாக இருந்தும் மினுக்கினால் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கான வெப்ப எல்லை பொதுவாக 45 டிகிரி செல்சியஸ். நண்பகலில் கரைக்கு வந்து, வெயிலில் கிடந்த கருவியை அப்படியே தொட்டிலில் வைத்தால் எந்த நல்ல சார்ஜரும் மறுக்கத்தான் செய்யும். நிழலில், காற்றோட்டத்தில் அரை மணி நேரம் ஆறவிட்ட பின் வையுங்கள். அவசரப்பட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் குளிர்விப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளே ஈரம் வியர்க்கும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

விளக்கு சிவப்பாக எரிந்து, தீர்ந்த பேட்டரியே பத்து, பதினைந்து நிமிடத்தில் பச்சைக்கு மாறினால் மகிழ வேண்டாம். செல்லின் அகத்தடை கூடிவிட்டதால் மின்னழுத்தம் விரைவாக உச்சத்தைத் தொட்டு, சார்ஜர் ஏமாந்துபோகிறது. உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது. அகத்தடை என்றால் என்ன என்பதை அடுத்த அறிகுறியில் விளக்குகிறேன்.

படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சார்ஜ் செய்பவர்கள் தொட்டிலின் அடியில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு அளவைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில தொட்டில்கள் 12 வோல்ட்டை நேராக ஏற்கும்; சிலவற்றுக்கு அவற்றுடன் வந்த ஒயரின் தலைப்பகுதியிலேயே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று இருக்கும். அந்த ஒயர் அறுந்ததும் சாதாரண ஒயரைச் சேர்த்து முறுக்கி விடுவதால் தொட்டில் கருகும், சில நேரம் பேட்டரியும் சேர்ந்து போகும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரம் 14 வோல்ட்டுக்கும் மேலே போகிறது என்பதையும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது ஏறி இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டார்ட் செய்து முடித்த பின்பே சார்ஜரைச் செருகுவது நல்லது.

பார் மூன்றும் காட்டுகிறது, பேச அமுக்கினால் கருவி அணைகிறது

இந்த அறிகுறியைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கரையில் எளிதில் கண்டுபிடிக்க முடியாததும் கடலில் கைவிடுவதும் இதுதான். திரையில் தெரியும் பார்கள் பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதை நேராக அளப்பதில்லை. பெரும்பாலான கருவிகளில் அவை மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிப்பவை. கருவி சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சில பத்து மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. 5 வாட்டில் பேச அமுக்கியதும் சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு தடை உண்டு, அதையே அகத்தடை என்கிறோம். நல்ல பேட்டரியில் அது 0.2 ஓம் அளவில் இருந்தால் ஒன்றரை ஆம்பியருக்கு 0.3 வோல்ட் மட்டுமே இறங்கும். பழையதாகி அது 0.8 ஓம் ஆகிவிட்டால் 1.2 வோல்ட் இறங்கும், 7.4 வோல்ட்டில் நின்ற பேட்டரி நொடியில் 6.2-க்கு வந்துவிடும், கருவி ‘பேட்டரி தீர்ந்தது’ என்று எண்ணி அணைந்துவிடும். கையை எடுத்ததும் மின்னழுத்தம் மீண்டும் ஏறுவதால், திரும்ப இயக்கினால் மூன்று பாரும் வந்து நிற்கும். துருவேறி அடைத்த குழாயில் தொட்டி நிறைய நீர் இருந்தும் குடம் நிறையாததைப் போன்றது இது.

எங்கள் வீட்டுப் படகிலேயே இது நடந்தது. என் தம்பி கரையிலிருந்து தொலைவில் இருந்தபோது சுக்கான் பக்கம் வலை சுற்றி எஞ்சின் நின்றுபோனது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த படகைக் கூப்பிட ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கருவி அணைந்தது. நான்காவது முறை, எப்போதோ நான் சொன்னதை நினைத்து, உயர் திறனிலிருந்து 1 வாட்டுக்கு மாற்றி அமுக்கியிருக்கிறான். குரல் போய்ச் சேர்ந்தது. 1 வாட்டில் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதால் மின்னழுத்தமும் அவ்வளவு சரியாது. இரண்டு, மூன்று கடல் மைலுக்குள் இருக்கும் படகுக்கு 1 வாட் போதும். கடலில் இந்த அறிகுறி வந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பிறகு சொல்ல வேண்டியதைச் சுருக்கி, இடத்தையும் ஆபத்தையும் முதலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள்.

கரையில் இதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை மட்டும் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனெனில் பாரம் இல்லாதபோது கிழட்டுப் பேட்டரியும் 8.3 வோல்ட் காட்டும். நான் பயன்படுத்துவது வண்டிகளின் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு. அதை 7.4 வோல்ட்டில் இணைத்தால் ஏறக்குறைய 1.3 ஆம்பியர் இழுக்கும். அதாவது நீங்கள் உயர் திறனில் பேசுவதற்கு நிகரான பாரம். பல்பின் இரு முனைகளிலும் ஒயர் பற்றவைத்து, முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் நேர், எதிர் முனைகளில் வைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எந்த முனை எது என்று பேட்டரியில் குறி இருக்கும். ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கும்படி நுனி மட்டும் வெளியே தெரிய இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். நல்ல லித்தியம் பேட்டரி 8.4-லிருந்து 8 வோல்ட்டுக்குச் சற்று மேலேயோ அதையொட்டியோ இறங்கி நிற்கும், பல்பு சீராக எரியும். பத்து நொடிக்குள் 7.4-க்குக் கீழே சரிந்து, இழையின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மங்குவதைக் கண்ணாலேயே காணலாம் என்றால், அந்தப் பேட்டரியைக் கடலுக்கு எடுத்துப்போகாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கருவிக்குக்கூட அது வேண்டாம்.

ஆனால் அகத்தடை பேட்டரிக்குள் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. முனையில் படிந்த உப்பும் களிம்பும் அதே வேலையைச் செய்யும். ஆகையால் பல்புச் சோதனையில் பேட்டரி தேறிவிட்டும் கருவி அணைகிறது என்றால், கருவியின் பக்கம் உள்ள ஸ்பிரிங் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். அவற்றில் ஒன்று உள்ளே அமுங்கி எழாமல் கிடக்கிறதா என்று விரல்நகத்தால் தொட்டுப் பாருங்கள்.

முன்பு நாள் முழுக்க வந்தது, இப்போது பாதி நாளில் தீர்கிறது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கருவி எப்படிப் பயன்படுகிறது என்று கணக்குப் பாருங்கள். பெட்டியில் ‘11 மணி நேரம்’ என்று போட்டிருப்பது, நூறு நிமிடத்தில் 5 நிமிடம் பேசி, 5 நிமிடம் கேட்டு, 90 நிமிடம் சும்மா இருக்கும் கணக்கில் சொல்லப்பட்டது. ஒரு சாதாரணக் கருவி பேசும்போது 1.5 ஆம்பியரும், குரல் கேட்கும்போது 0.25 ஆம்பியரும், சும்மா இருக்கும்போது 0.05 ஆம்பியரும் இழுப்பதாகக் கொண்டால், சராசரி 0.13 ஆம்பியர் ஆகிறது. 1500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி 11 மணி நேரத்துக்கு மேல் வரும். நம் படகுகளில் நடப்பது வேறு. விலை, மீன், வலை என்று நூறு நிமிடத்தில் 20 நிமிடம் பேசி 40 நிமிடம் கேட்டால் அதே பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் தீரும். அதே பேச்சை 1 வாட்டில் பேசினால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். பேட்டரி மாறவில்லை, பழக்கம்தான் மாறியிருக்கிறது.

யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் என்னும் அமைப்பைக் கடைசி வரை திறந்து வைப்பதும் இதே கேட்டைச் செய்யும். ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் இடைவிடாமல் வரும் நிலையில் கருவி எப்போதும் குரல் கேட்பதைப் போலவே மின்சாரம் இழுக்கிறது. பதினொரு மணி நேரம் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். இரைச்சல் நிற்கும் இடம் வரை திருப்பி, அதிலிருந்து சிறிதே கூட்டி வையுங்கள். அதிகமாகக் கூட்டினால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அடைபட்டுப் போகும் என்பதால் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும். திரை விளக்கு எப்போதும் எரிவதையும், தேவையில்லாத சேனல்களை மாறி மாறித் தேடும் ஸ்கேன் வசதியையும் நிறுத்துங்கள். ஆனால் 16-ஆம் சேனலைக் கவனிப்பதை மட்டும் பேட்டரி மிச்சத்துக்காக நிறுத்தாதீர்கள். 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்தச் சேனல்தான் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது.

பழக்கம் மாறவில்லை, ஆனாலும் நேரம் குறைகிறது என்றால் பல்புச் சோதனையை நீட்டிப் பாருங்கள். முழுச் சார்ஜில் தொடங்கி, லித்தியத்துக்கு 6.4 வோல்ட்டும் நிக்கலுக்கு 6 வோல்ட்டும் வந்ததும் நிறுத்துங்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். 1500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மணி நேரத்தையொட்டி எரிய வைக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்குக் குறைந்தால் அதை இரண்டாம் பேட்டரியாகத் தள்ளிவிடுங்கள். அரை மணிக்குக் குறைந்தால் கழித்துவிடுங்கள். பல்பு கடுமையாகச் சுடும் என்பதால் அதை மண் ஓட்டின்மேல் வைத்துச் செய்யுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

தடைக்காலம் முடிந்து எடுத்தால் உயிரே இல்லை

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் கத்திரி வெயிலும் வருகிறது. படகிலோ தகரக் கூரை போட்ட கொட்டகையிலோ செட்டை வைத்துவிட்டுப் போனால், பேட்டரி இரண்டு வகையில் அடிவாங்குகிறது.

ஒன்று, வெப்பம். லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்தால் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வரை திரும்ப வராமல் போகலாம். அதையே நாற்பது விழுக்காடு சார்ஜில் 25 டிகிரியில் வைத்தால் இழப்பு சில விழுக்காடுதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பயன்படுத்தித் தேய்வதைவிடச் சும்மா வெயிலில் வெந்து தேய்வதே நம் ஊரில் அதிகம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மற்றொன்று, மெல்லிய கசிவு. பொத்தானை அமுக்கி இயக்கும் வகைக் கருவி, அணைத்து வைத்தாலும் சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தீர்ந்த நிலையில் கிடந்த பேட்டரியை அது மேலும் இறக்கிவிட, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். அப்போது மீட்டர் பூச்சியம் காட்டும்.

பூச்சியம் காட்டுகிறது என்பதற்காக உடனே எறிய வேண்டாம். அதற்கே உரிய சார்ஜரில் அரை மணி நேரம் வையுங்கள். பல சார்ஜர்கள் முதலில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பாதுகாப்புச் சுற்றை எழுப்பும். எழுந்தால் முழுச் சார்ஜ் ஏற்றி, பல்புச் சோதனை செய்து, தேறினால் பயன்படுத்தலாம். எழவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து ‘ஒரு தட்டு’ கொடுத்து எழுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது மிக ஆபத்தானது. செல் 2 வோல்ட்டுக்கும் கீழே பல வாரம் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும்; சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குத் தொடர்பை உண்டாக்கும். இன்று வேலை செய்கிறதே என்று நினைப்போம், இன்னொரு நாள் சார்ஜில் இருக்கும்போது தீப்பற்றலாம்.

நிக்கல் பேட்டரிகளின் நிலை வேறு. சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மாதத்துக்கு இருபது, முப்பது விழுக்காடு தானாகவே இழக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்குப் பின் அது தீர்ந்து கிடப்பது இயல்பு. மூன்று, நான்கு முறை முழுக்கச் சார்ஜ் செய்து பயன்படுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், அதாவது மீட்டரில் சுமார் 7.6 வோல்ட்டில் நிறுத்தி, கருவியிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்து அலமாரி போதும், குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. மே மாத நடுவில் ஒருமுறை அளந்து, 7.2-க்குக் கீழே போயிருந்தால் சிறிது ஏற்றுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் அங்கே வெயிலைவிட மழை ஈரமே எதிரி. முனைகளைத் துடைத்து, மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

முனையில் பச்சை, வெள்ளை படிந்திருக்கிறது. கருவி தண்ணீரில் விழுந்தது

ஐ.பி.எக்ஸ். 7 என்று குறித்த கருவி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நீர் புகாமல் இருக்க வேண்டும். ஆனால் அந்த உறுதி புதிய கருவியை நல்ல தண்ணீரில் சோதித்துத் தரப்பட்டது. பேட்டரியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடியோ ஒரு மணலோ சிக்கினால் அந்த உறுதி போய்விடும்.

கடலிலிருந்து வந்ததும், பேட்டரியைக் கழற்றாமலே, எல்லா மூடிகளையும் மூடியபடி, நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகே பேட்டரியைக் கழற்ற வேண்டும். உப்பு ஈரத்தோடு கழற்றினால், அதுவரை வெளியே இருந்த உப்பை நாமே உள்ளே விட்டவர்களாவோம். நம் படகுகளில் பலர் தலைகீழாகச் செய்வது இதைத்தான்.

முனையில் இருக்கும் பச்சை செம்புக் களிம்பு. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முனையின் மேல் இருக்கும் மெல்லிய தங்க அல்லது நிக்கல் பூச்சு ஒருமுறை போய்விட்டால், களிம்பு வாரத்துக்கு ஒருமுறை வரும். ஆல்கலைன் செல் போடும் தட்டில் காணும் வெள்ளைப் பொடி வேறு. அது செல்லிலிருந்து கசிந்த காரம், ஆகையால் பஞ்சில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பின் நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவலாம். எஞ்சின் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். தேங்காய் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பேட்டரிக்குள்ளேயே கடல்நீர் புகுந்துவிட்டது, குலுக்கினால் சத்தம் கேட்கிறது என்றால் அரிசியில் புதைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். நீர் போனாலும் உப்பு போகாது. உப்பிய பேட்டரிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை

இதைப் பேட்டரிக் கோளாறு என்று எண்ணிப் புதிய பேட்டரி வாங்குகிறார்கள். வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் போவது; உலகின் வளைவைத் தாண்டி வெகுதூரம் போகாது. இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே சுமார் 6 கடல் மைல்தான் எல்லை. கரையில் 50 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் சுமார் 19 கடல் மைல் வரும். 5 வாட்டை 6 வாட் ஆக்கினாலும் இந்த எல்லை மாறாது, உட்கார்ந்து பேசுவதை விட்டு எழுந்து நின்று பேசினால் சிறிது கூடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரிக் கரையின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையிலிருந்து இந்த எல்லைக்கு வெகு அப்பால் இருந்தார்கள். அவ்வளவு தூரம் போகிறவர்களுக்குக் கையடக்கக் கருவி மட்டும் போதாது, செயற்கைக்கோள் வழிக் கருவியும் வேண்டும். கைப்பேசிக்கு சிக்னல் இருக்கும் தூரம் என்றால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் உண்டு.

புதிய பேட்டரி வாங்கும்போது

கருவியின் மாடல் எண்ணுக்கே உரிய பேட்டரியை வாங்குங்கள். நிக்கலுக்குப் பதில் லித்தியம் வாங்கினால் சார்ஜரையும் சேர்த்து வாங்க வேண்டும். நிக்கல் சார்ஜர் மின்னழுத்தம் சற்றே இறங்குவதையோ வெப்பம் ஏறுவதையோ பார்த்து நிறுத்துவது; லித்தியத்துக்கு ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். லித்தியம் பேட்டரியை நிக்கல் சார்ஜரில் வைத்தால் நிறுத்தும் இடம் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போகும், தீப்பிடிக்கும்.

அதே அளவு உறையில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு மில்லி ஆம்பியர் மணி போட்டு மலிவாக விற்பதை நம்பாதீர்கள். கையில் எடுத்துப் பழையதோடு எடை பாருங்கள். இரண்டு மடங்கு கொள்ளளவு சொல்லும் பேட்டரி பழையதைவிட இலேசாக இருக்க வழியில்லை. தயாரித்த தேதியைக் கேளுங்கள், கடையில் இரண்டு, மூன்று ஆண்டு கிடந்த லித்தியம் பேட்டரி புதியது அல்ல. ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, அது மூல பேட்டரியில் இருந்த அதே பருமனா என்றும் பாருங்கள்.

மிதக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவி மிதப்பது அதனுடன் வந்த பேட்டரியின் எடையைக் கணக்கிட்டுத்தான். கொள்ளளவு கூடிய, எடை கூடிய பேட்டரியைப் போட்டால் அது கல்லைப்போல் மூழ்கலாம். வீட்டு வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீரில், கயிறு கட்டி இறக்கிப் பாருங்கள். தலை மேலே தெரிய மிதந்தால் மட்டுமே அதைக் கடலுக்கு எடுத்துப் போகலாம்.

சாதாரண ஆல்கலைன் செல்களைப் போடும் தட்டு உங்கள் கருவிக்குக் கிடைத்தால், இரண்டாம் பேட்டரிக்கு மேல் மூன்றாவது துணையாக அதை வாங்கி வையுங்கள். ஆல்கலைன் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் பெரிதாகச் சார்ஜ் இழக்காது. ஆனால் பல கருவிகளில் அந்தத் தட்டைப் போட்டால் உயர் திறனில் பேச முடியாது. செல்களைத் தட்டிலேயே விட்டு வைத்தால் கசியும், அதனால் தனியே உறையில் வைத்து, அதன்மேல் தேதி எழுதுங்கள்.

சரக்குக் கப்பலில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உயிர்காப்புப் படகுக்கென்று கப்பலில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். கருவியுடன் முத்திரை உடையாத, சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி ஒன்று இருக்கும். ஆறு நொடி பேச்சு, ஆறு நொடி கேட்பு, நாற்பத்தெட்டு நொடி அமைதி என்ற கணக்கில் 8 மணி நேரம் உழைக்கும்படி அது வரையறுக்கப்பட்டது. அன்றாடப் பேச்சுக்கு அந்த முத்திரையை உடைக்காதீர்கள், அதன்மேல் அச்சிட்ட காலாவதித் தேதியை மாதந்தோறும் பாருங்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பேட்டரி வைத்து, நெயில் பாலிஷால் 1, 2 என்று குறித்து, வாங்கிய மாதத்தையும் எழுதி, நாள் மாற்றி நாள் பயன்படுத்துங்கள். இரண்டாவதைக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு காய்ந்த துணியோடு வையுங்கள். கரையில் இருக்கும்போதே ஒரு நாள் இரவில், விளக்கை அணைத்து, கை நனைந்த நிலையில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். முதலில் கையைத் துடைத்து, கருவியைக் கவிழ்த்துப் பிடித்து, கிளிப்பைத் தள்ளி, துணியால் வளையத்தை ஒற்றி, புதியதைச் செருகி, ‘டக்’ என்ற ஒலி கேட்கும் வரை அழுத்த வேண்டும். அந்த ஒலி கேட்கவில்லை என்றால் வளையம் சரியாக உட்காரவில்லை. கழற்றித் திரும்பப் போடுங்கள்.